இரண்டாம் பருவ நுண்கணிதம்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டில் இரண்டாம் பருவ நுண்கணிதத்தைக் கற்பிக்கும்போது, ஏறத்தாழ ஒரே கேள்விகள் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் வந்து சேர்கின்றன. அவற்றுக்கு நான் நேரில் சொல்லும் விடைகளைச் சற்று விரிவாக இங்கே எழுதியிருக்கிறேன். கீழே எக்ஸ் என்பது மாறியையும், என் என்பது 1, 2, 3 என்று செல்லும் இயல் எண்ணையும், ஈ என்பது 2.71828 என்று தொடங்கும் எண்ணையும் குறிக்கும்.

இந்தப் பருவத்தில் என்னென்ன பகுதிகள் வரும்?

பெரும்பாலான பாடத்திட்டங்களில் தொகையிடல் முறைகள், தொகையீட்டின் பயன்பாடுகள், முறையற்ற தொகைகள், முடிவிலாத் தொடர்கள், ஒரு சார்பை எக்ஸின் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதும் டெய்லர் தொடர் ஆகியவை இடம்பெறும்; சிலவற்றில் எளிய வகைக்கெழுச் சமன்பாடுகளும், துருவ ஆயங்களும் சேர்ந்திருக்கும். பார்வைக்கு இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத தலைப்புகளாகத் தோன்றினாலும், எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றுதான்: கூட்டுதல். தமிழில் இது நமக்கு எளிதில் புரிய வேண்டும், ஏனென்றால் தொகையிடல் என்ற சொல்லுக்குள்ளேயே தொகை இருக்கிறது. லைப்னிட்சு 1675-ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று தம் குறிப்புகளில் முதன்முதலாக எழுதிய தொகையீட்டுக் குறியும், கூட்டுத்தொகையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டி எழுதியதே ஆகும். மெல்லிய பட்டைகளைக் கூட்டினால் பரப்பு கிடைக்கிறது. மெல்லிய தட்டுகளைக் கூட்டினால் கன அளவு கிடைக்கிறது. எண்களை முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் தொடர் கிடைக்கிறது.

முதல் பருவத்தில் நல்ல மதிப்பெண் பெற்றேன். இப்போது ஏன் தடுமாறுகிறேன்?

இது உங்கள் திறமைக் குறைவு அன்று. பாடத்தின் இயல்பே மாறிவிட்டது. வகையிடலில் பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி ஆகிய மூன்றையும் அடிப்படை வாய்பாடுகளையும் கற்றுக்கொண்டால், எவ்வளவு சிக்கலான சார்பைக் கொடுத்தாலும் பொறுமையாக உட்கார்ந்து வகைக்கெழுவைக் கண்டுபிடித்துவிடலாம். சார்பின் வடிவமே அடுத்து எந்த விதியைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லிவிடும். தொகையிடலில் அப்படி ஒரு வழிகாட்டி கிடையாது. இரண்டு சார்புகளின் பெருக்கலைத் தொகையிட எப்போதும் செல்லுபடியாகும் விதி என்று ஒன்று இல்லை. நீங்கள் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது வேலை செய்யாமல் போகலாம். அப்போது அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டும்.

ஆகவே முதல் பருவம் விதியைச் சரியாகச் செயல்படுத்துவதைச் சோதித்தது என்றால், இரண்டாம் பருவம் தேர்வு செய்யும் திறனைச் சோதிக்கிறது. மாணவர்கள் பெரும்பாலோர் இதை உணராமல், முன்பு படித்த அதே வழியில், அதாவது ஒவ்வொரு தலைப்பின் கீழும் வரிசையாக இருபது கணக்குகளைப் போட்டுப் பழகுகிறார்கள். பகுதித் தொகையிடல் என்ற தலைப்பின் கீழ் இருக்கும் கணக்கைப் பகுதித் தொகையிடலால்தான் போட வேண்டும் என்பது முன்பே தெரிந்துவிடுவதால், தேர்வு செய்யும் வேலை அங்கே நடப்பதே இல்லை. வினாத்தாளில் தலைப்பு இருக்காது. அங்கேதான் கை நின்றுவிடுகிறது.

தொடங்கும் முன் எவற்றை மீட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் காணும் தவறுகளில் பெரும்பகுதி நுண்கணிதத் தவறுகள் அல்ல. இயற்கணிதத் தவறுகளும் முக்கோணவியல் தவறுகளும்தான். பின்னங்களைச் சுருக்குதல், காரணிப்படுத்துதல், முழு வர்க்கமாக்குதல், மடக்கை விதிகள், அடுக்கு விதிகள் ஆகியவை யோசிக்காமல் கை ஓடும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். இவற்றோடு வகைக்கெழு வாய்பாடுகளை இரு திசையிலும் சொல்லத் தெரிய வேண்டும்: நேர்மாறு டேன்ஜென்ட்டின் வகைக்கெழு என்ன என்று கேட்டால் விடை சொல்வது போலவே, 1/(1 + எக்ஸ்²) எதனுடைய வகைக்கெழு என்று கேட்டாலும் உடனே விடை வர வேண்டும்.

எந்தக் கணக்குக்கு எந்த முறை என்பதை எப்படி அறிவது?

ஒன்றுபோலவே தோன்றும் ஐந்து கணக்குகளை எடுத்துக்கொள்வோம். இவற்றை ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, 1/(எக்ஸ்² + 4). இது நேரடியாக வாய்பாட்டில் அடங்குவது. விடை, எக்ஸ்/2 என்பதன் நேர்மாறு டேன்ஜென்ட்டில் பாதி.

இரண்டாவது, எக்ஸ்/(எக்ஸ்² + 4). தொகுதியில் ஓர் எக்ஸ் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் கணக்கு முழுவதும் மாறிவிட்டது. பகுதியின் வகைக்கெழு 2எக்ஸ்; தொகுதியில் அதன் பாதி தயாராக நிற்கிறது. எனவே பகுதியையே புதிய மாறியாகப் பிரதியிட்டால், விடை எக்ஸ்² + 4 என்பதன் இயல் மடக்கையில் பாதி என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, எக்ஸ்²/(எக்ஸ்² + 4). இங்கே பிரதியிடல் உதவாது. தொகுதியின் படி பகுதியின் படிக்குச் சமமாக இருப்பதால் முதலில் வகுக்க வேண்டும். வகுத்தால் 1 கழித்தல் 4/(எக்ஸ்² + 4) என்று ஆகிறது. இரண்டாம் உறுப்பு நமக்கு முன்பே தெரிந்த முதல் கணக்கு.

நான்காவது, 1/(எக்ஸ்² − 4). கூட்டல் குறி கழித்தல் குறியானதும் பகுதி இரண்டு காரணிகளாக உடைகிறது. எனவே பகுதிப் பின்னங்கள். விடையில் நேர்மாறு டேன்ஜென்ட் இல்லை, மடக்கை வருகிறது.

ஐந்தாவது, 1 வகுத்தல் எக்ஸ்² + 4 என்பதன் வர்க்கமூலம். வர்க்கமூலம் வந்ததும் மேலே சொன்ன நான்கும் பயன்படாமல் போகின்றன. எக்ஸ்-க்குப் பதிலாக 2 டேன்ஜென்ட் தீட்டா என்று முக்கோணவியல் பிரதியிடலைச் செய்ய வேண்டும்.

இந்த ஐந்தையும் தீர்க்கத் தெரிவதைவிட, தீர்க்காமலேயே ஒவ்வொன்றுக்கும் எந்த முறை, ஏன் அந்த முறை என்று ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரிவதே முக்கியம் என்று நான் கருதுகிறேன். ஆகவே என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி இதுதான்: வெவ்வேறு தலைப்புகளிலிருந்து முப்பது கணக்குகளைக் கலந்து எழுதிக்கொள்ளுங்கள், எதையும் தீர்க்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே முறையின் பெயரையும், அதைத் தேர்ந்தெடுத்த காரணத்தையும் மட்டும் எழுதுங்கள். பிறகு ஐந்தாறு கணக்குகளை மட்டும் எடுத்து இறுதிவரை தீர்த்து, உங்கள் கணிப்பு சரியாக இருந்ததா என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தப் பயிற்சி, ஒரே வகைக் கணக்கை மாலை முழுவதும் போடுவதைவிடக் கூடுதலாகக் கற்றுத்தருகிறது.

பகுதித் தொகையிடலில் எதை வகையிடுவது, எதைத் தொகையிடுவது?

வகையிட்டால் எளிமையாகும் சார்பை வகையிடுங்கள்; தொகையிட்டாலும் சிக்கல் கூடாத சார்பைத் தொகையிடுங்கள். எக்ஸ்-ஐயும் ஈ-யின் எக்ஸ் அடுக்கையும் பெருக்கி வைத்திருக்கிறோம் என்று கொள்ளுங்கள். எக்ஸ்-ஐ வகையிட்டால் 1 ஆகிவிடுகிறது, மற்றது தொகையிட்டாலும் அப்படியே இருக்கிறது. ஆகவே இரண்டே வரிகளில், எக்ஸ் கழித்தல் 1 என்பதை ஈ-யின் எக்ஸ் அடுக்கால் பெருக்கியது விடையாக வருகிறது. மாற்றித் தேர்ந்தெடுத்தால் எக்ஸ், எக்ஸ்²/2 ஆகிவிடும். கணக்கு தொடங்கிய இடத்தைவிட மோசமான இடத்துக்குப் போய்விடும். அப்படிப் போனால் அது தவறு அன்று, தேர்வை மாற்றச் சொல்லும் அறிகுறி. அழித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

நேர்மாறு சார்பு, மடக்கை, இயற்கணிதச் சார்பு, முக்கோணவியல் சார்பு, அடுக்குக்குறிச் சார்பு என்ற வரிசையில் முதலில் வருவதை வகையிட வேண்டும் என்னும் ஐலேட் விதியைப் பலர் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அது பெரும்பாலும் சரியாகவே வழிகாட்டும். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் புரியாவிட்டால், மடக்கை மட்டும் தனியாக நிற்கும் கணக்கில் திகைத்துப் போவீர்கள். அங்கே மடக்கையை 1-ஆல் பெருக்கியதாகக் கொண்டு, மடக்கையை வகையிட்டு 1-ஐத் தொகையிட வேண்டும்.

மாறிலியைச் சேர்க்க மறந்தால் ஏன் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள்? அது வெறும் சடங்கு அல்லவா?

சடங்கு அன்று. 1/எக்ஸ் என்பதைப் பகுதித் தொகையிடலால் தொகையிட்டுப் பாருங்கள். 1/எக்ஸ்-ஐ வகையிடும் பகுதியாகவும், 1-ஐத் தொகையிடும் பகுதியாகவும் எடுத்துக்கொண்டால், 1/எக்ஸின் தொகையீடு, 1 கூட்டல் 1/எக்ஸின் தொகையீடு என்று வருகிறது. இருபுறமும் உள்ள தொகையீட்டை நீக்கிவிட்டால் 0 = 1 என்று நிற்கும். வழியில் எந்தப் பிழையும் இல்லை. வரையறாத் தொகையீடு என்பது ஒரே ஒரு சார்பைக் குறிப்பதில்லை, ஒரு மாறிலியால் வேறுபடும் சார்புகளின் முழுக் குடும்பத்தையே குறிக்கிறது என்பதை மறந்து, அதை எண்ணைப் போல நீக்கிவிட்டதுதான் பிழை.

என் விடையும் புத்தகத்தின் பின்னால் உள்ள விடையும் வேறுபடுகின்றன. நான் செய்தது தவறா?

தவறாக இருக்க வேண்டியதில்லை. 2 சைன் எக்ஸ் கோசைன் எக்ஸ் என்பதைத் தொகையிடும் மூன்று மாணவர்களில் ஒருவருக்கு சைன் எக்ஸின் வர்க்கமும், இன்னொருவருக்குக் கோசைன் எக்ஸின் வர்க்கம் எதிர்க்குறியுடனும், மற்றொருவருக்கு 2எக்ஸின் கோசைனில் பாதி எதிர்க்குறியுடனும் விடையாக வரலாம். மூன்றும் சரி, ஒன்றுக்கொன்று மாறிலியால் மட்டுமே வேறுபடுகின்றன. உங்கள் விடையை வகையிட்டுப் பாருங்கள். கேட்கப்பட்ட சார்பு திரும்ப வந்தால் விடை சரி. வேறு எந்தப் பாடத்திலும், ஒருவர் தம் விடையைத் தாமே இவ்வளவு உறுதியாகச் சரிபார்த்துக்கொள்ள முடியாது. இருந்தும் மிகச் சிலரே இதைச் செய்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி.

எல்லாச் சார்புகளையும் தொகையிட முடியுமா?

தொடர்ச்சியான எந்தச் சார்புக்கும் எதிர்வகையீடு இருக்கிறது; ஆனால் அதை நமக்குத் தெரிந்த சார்புகளைக் கொண்டு எழுதிவிட முடியும் என்ற உறுதி கிடையாது. ஈ-யின் அடுக்கில் எதிர்க்குறியுடன் எக்ஸ்² நிற்கும் சார்பு இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. புள்ளியியலின் இயல்நிலைப் பரவலில் வரும் மணி வடிவ வளைவரை இதுதான். இதன் எதிர்வகையீட்டைப் பல்லுறுப்புக் கோவைகள், முக்கோணவியல் சார்புகள், மடக்கைகள், அடுக்குக்குறிச் சார்புகள் ஆகியவற்றை எத்தனை முறை சேர்த்தாலும் எழுத முடியாது. இப்படிப்பட்ட சார்புகளைப் பற்றிய கோட்பாட்டை 1830-களில் லியூவில் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் நிறுவினார்.

அதற்காகக் கைவிட்டுவிட வேண்டியதில்லை. 0 முதல் 1 வரை அந்த வளைவரையின் கீழ் உள்ள பரப்பு 0.746824 என்று தொடங்கும் ஓர் எண். பரப்பைப் பட்டைகளாகப் பிரித்துத் தோராயமாகக் கணக்கிடும் சிம்ப்சன் விதியை இரண்டே பட்டைகளுடன் பயன்படுத்தினாலே 0.7472 கிடைக்கிறது. இதே எண்ணைத் தொடரைக் கொண்டும் காணலாம்: 1 − 1/3 + 1/10 − 1/42 + 1/216 என்று ஐந்து உறுப்புகளைக் கூட்டினால் 0.7475, ஆறாவது உறுப்பான 1/1320-ஐக் கழித்தால் 0.7467. பருவத்தின் முற்பகுதியில் கைவிட்ட ஒரு கணக்கைப் பிற்பகுதியில் கற்கும் தொடர் முடித்துவைக்கிறது. பாடத்தின் இரு பாதிகளும் இங்கேதான் கைகோக்கின்றன.

சுழற்சித் திண்மங்களின் கன அளவைக் காணும் வாய்பாடுகள் குழப்புகின்றன. என்ன செய்வது?

வாய்பாட்டை ஓரமாக வைத்துவிட்டுப் படம் வரையுங்கள். ஒரே ஒரு மெல்லிய பட்டையை வரைந்து, அதை அச்சைச் சுற்றிச் சுழற்றினால் என்ன உருவம் கிடைக்கும் என்று பாருங்கள். பட்டை அச்சுக்குச் செங்குத்தாக இருந்தால் வட்டத்தட்டோ, நடுவில் துளையுள்ள தட்டோ கிடைக்கும். இணையாக இருந்தால் உள்ளீடற்ற உருளை ஓடு கிடைக்கும். அந்த ஒரு துண்டின் கன அளவை எழுதத் தெரிந்துவிட்டால், மீதி வெறும் கூட்டல்.

முறையற்ற தொகையில் அப்படி என்ன முறைகேடு?

எல்லைகளில் ஒன்று முடிவிலியாக இருக்கலாம், அல்லது இடையில் எங்கோ சார்பே எல்லையின்றி உயர்ந்துபோகலாம். முதல் வகை கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது மறைந்திருந்து கவிழ்க்கும். −1 முதல் 1 வரை 1/எக்ஸ்² என்பதைத் தொகையிடச் சொன்னால், மிக நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூட எதிர்வகையீடு −1/எக்ஸ் என்று எழுதி, எல்லைகளைப் பிரதியிட்டு, விடை −2 என்று முடித்துவிடுகிறார்கள். சற்று நிறுத்தி யோசியுங்கள். 1/எக்ஸ்² ஒருபோதும் குறை எண் ஆகாது. அதன் வளைவரை முழுவதும் எக்ஸ் அச்சுக்கு மேலேயே இருக்கிறது. அதன் கீழுள்ள பரப்பு எப்படி −2 ஆக முடியும்? எக்ஸ் 0 ஆகும் இடத்தில் சார்பு வரையறுக்கப்படவே இல்லை. அடிப்படைத் தேற்றம் அங்கே பொருந்தாது. கணக்கை 0-வில் இரண்டாகப் பிரித்து எல்லை எடுத்தால், அது விரிகிறது, அதாவது அதற்கு முடிவுள்ள மதிப்பு இல்லை என்பது தெரியும். ஆகவே எந்த வரையறுத்த தொகையைத் தொடங்கும் முன்பும், கொடுக்கப்பட்ட இடைவெளிக்குள் பகுதி எங்காவது பூச்சியமாகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

முடிவிலி எல்லையைப் பொறுத்தவரை, 1 முதல் முடிவிலி வரை 1/எக்ஸ்² என்பதன் பரப்பு 1 என்றும், 1/எக்ஸ் என்பதன் பரப்பு முடிவிலி என்றும் தெரிந்துகொள்ளும்போது பலர் வியப்படைகிறார்கள். வியப்பதற்கு இன்னும் இருக்கிறது. அந்த 1/எக்ஸ் வளைவரையையே அச்சைச் சுற்றிச் சுழற்றினால், முடிவிலாப் புறப்பரப்பும் பை அளவு மட்டுமே கன அளவும் கொண்ட கொம்பு போன்ற திண்மம் உருவாகிறது. இப்படி முடிவின்றி நீளும் திண்மத்துக்கும் முடிவுள்ள கன அளவு உண்டு என்பதை டாரிசெல்லி 1640-களில், நுண்கணிதம் முறையாக உருவாகும் முன்பே காட்டினார்.

உறுப்புகள் பூச்சியத்தை நெருங்கினால் தொடர் ஒருங்கத்தானே, அதாவது அதன் தொகை ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்கத்தானே வேண்டும்?

இல்லை. இந்தப் பருவத்தில் நான் காணும் தவறுகளிலேயே மிகப் பரவலானது இதுதான். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று செல்லும் இசைத் தொடரில் உறுப்புகள் பூச்சியத்தை நெருங்கிக்கொண்டே போகின்றன. ஆனாலும் கூட்டுத்தொகை எல்லையின்றி வளர்கிறது. 1350-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிக்கோல் ஓரெம் என்ற அறிஞர் தந்த நிரூபணம் இன்றும் வகுப்பில் சொல்லப்படுகிறது. 1/3 + 1/4 என்பது 1/2-ஐவிடப் பெரியது. அடுத்த நான்கு உறுப்புகளும் சேர்ந்து 1/2-ஐவிடப் பெரியவை. அதற்கடுத்த எட்டும் அப்படியே. இவ்வாறு முடிவில்லாமல் பாதிகளைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்பதால் தொகை எந்த எண்ணையும் தாண்டிவிடும்.

ஆனால் எவ்வளவு மெதுவாகத் தாண்டுகிறது என்பதைக் கவனியுங்கள். கூட்டுத்தொகை 10-ஐக் கடக்க 12,367 உறுப்புகள் வேண்டும். பத்து இலட்சம் உறுப்புகளைக் கூட்டினாலும் ஏறத்தாழ 14.39-தான். கணிப்பானில் கூட்டிப் பார்த்து "இது ஒருங்குகிறது போலிருக்கிறது" என்று முடிவு செய்வது ஏன் ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. உறுப்புகள் பூச்சியத்தை நெருங்காவிட்டால் தொடர் விரியும் என்பது மட்டுமே உறுதி. நெருங்கினால் எதுவும் சொல்ல முடியாது, மேற்கொண்டு சோதிக்க வேண்டும்.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு குழப்பம், தொடர்முறைக்கும் தொடருக்கும் உள்ள வேறுபாடு. (என் + 1)/என் என்ற தொடர்முறை 1-ஐ நோக்கி ஒருங்குகிறது. அதே எண்களைக் கூட்டினால் கிடைக்கும் தொடர் விரிகிறது. வினாவில் எது கேட்கப்பட்டிருக்கிறது என்பதைக் கோடிட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

ஒருங்குதல் சோதனைகள் இத்தனை இருக்கின்றனவே, எதை எப்போது பயன்படுத்துவது?

முதலில், உறுப்புகள் பூச்சியத்தை நெருங்குகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. தொடர்பெருக்கமோ (1 முதல் என் வரையுள்ள எண்களின் பெருக்கல்), அடுக்கில் என் வருவதோ இருந்தால் விகிதச் சோதனை. 2-இன் என் அடுக்கை என் தொடர்பெருக்கத்தால் வகுத்த தொடரில், அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் 2/(என் + 1) என்று சுருங்கி, பூச்சியத்தை நோக்கிச் செல்கிறது, தொடர் ஒருங்குகிறது. வெறும் பல்லுறுப்புக் கோவைகளின் பின்னமாக இருந்தால் விகிதச் சோதனையைத் தொடவே வேண்டாம். விகிதம் 1 என்று வந்து எதையும் சொல்லாமல் விட்டுவிடும். 1/என் தொடருக்கும் விகிதம் 1, 1/என்² தொடருக்கும் விகிதம் 1. முன்னது விரிகிறது; பின்னது ஒருங்குகிறது. அதன் தொகை பையின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1.645, என்பதை 1735-இல் ஆய்லர் அறிவித்தார்.

அத்தகைய பின்னங்களில் பெரிய அடுக்குகளை மட்டும் பாருங்கள். (2என் + 3)/(என்³ + 5) என்பது என் மிகப் பெரிதாகும்போது 2/என்² போலவே நடந்துகொள்கிறது. எல்லை ஒப்பீட்டுச் சோதனை இதை முறைப்படி நிறுவ உதவுகிறது. நேரடி ஒப்பீட்டில் திசை தவறக் கூடாது: ஒருங்கும் தொடரைவிடச் சிறியது ஒருங்கும், விரியும் தொடரைவிடப் பெரியது விரியும், விரியும் தொடரைவிடச் சிறியது என்று காட்டுவதால் எந்தப் பயனும் இல்லை.

ஒரு வேண்டுகோளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொடர்ப் பகுதியில் விடை என்பது ஓர் எண் அன்று, ஒரு வாதம். "விகிதச் சோதனைப்படி ஒருங்குகிறது" என்று மட்டும் எழுதினால் அது விடை ஆகாது. எந்தச் சோதனை, அதற்கான நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா, எல்லையின் மதிப்பு என்ன, அதனால் பெறப்படும் முடிவு என்ன என்று முழு வாக்கியங்களில் எழுதுங்கள். ஒரு மாணவியின் விடைத்தாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. முதல் தேர்வில் இந்தப் பகுதியில் ஏறத்தாழ எதுவுமே எடுக்காத அவர், அடுத்த தேர்வில் ஒவ்வொரு கணக்கையும் "இத்தொடரின் உறுப்புகள் அனைத்தும் மிகை எண்கள் என்பதால்" என்பது போன்ற வாக்கியத்துடன் தொடங்கியிருந்தார். காரணத்தை எழுதத் தொடங்கியதும், எந்தச் சோதனை பொருந்தும் என்பது அவருக்குத் தானாகவே விளங்கிவிட்டது.

டெய்லர் தொடரால் என்ன பயன்?

கூட்டல், பெருக்கல் ஆகியவற்றைக் கொண்டு மட்டும் சைன், கோசைன், அடுக்குக்குறிச் சார்பு போன்றவற்றின் மதிப்பைக் கணக்கிட இது வழி தருகிறது. 1 ரேடியனின் சைன் மதிப்பு வேண்டுமென்றால் 1 − 1/6 + 1/120 என்று மூன்றே உறுப்புகளைக் கூட்டுங்கள், 0.841667 வரும். உண்மை மதிப்பு 0.841471. பிழை எவ்வளவு இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லலாம்: குறி மாறி மாறி வந்து, உறுப்புகள் தொடர்ந்து சிறுத்துக்கொண்டே போகும் தொடரில், பிழை அடுத்த உறுப்பைத் தாண்டாது, அடுத்த உறுப்பு 1/5040, அதாவது ஏறத்தாழ 0.0002. விடையோடு சேர்த்து, அந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லும் இந்தப் பண்புதான் இப்பகுதியின் அழகு. இயற்பியலில் ஊசலின் சிறு கோணத்துக்கு சைன் தீட்டாவைத் தீட்டா என்றே எடுத்துக்கொள்வதும் இதே தொடரின் முதல் உறுப்பை மட்டும் வைத்துக்கொள்வதுதான். 10 பாகை வரைகூட அதனால் வரும் பிழை அரை விழுக்காட்டை ஒட்டியே இருக்கும்.

இத்தொடர்களுக்கு, 1715-இல் பொதுவடிவத்தை வெளியிட்ட புரூக் டெய்லரின் பெயர் வழங்கினாலும், சைன், கோசைன், நேர்மாறு டேன்ஜென்ட் ஆகியவற்றின் தொடர்களைச் சுமார் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே கேரளத்துச் சங்கமகிராமத்து மாதவன் கண்டறிந்திருந்தார். அவற்றுக்கான நிரூபணங்கள் 16-ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷாவில் உள்ளன.

தேர்வைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு: ஒருங்கும் இடைவெளியைக் கேட்டால் இரண்டு ஓரப் புள்ளிகளையும் தனித்தனியே சோதியுங்கள். எக்ஸின் என் அடுக்கை என்-ஆல் வகுத்த தொடர் −1-இல் ஒருங்குகிறது, 1-இல் விரிகிறது. விகிதச் சோதனை அந்த இரண்டு இடங்களைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

கணினி மென்பொருளே தொகையிட்டுத் தரும்போது இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும்?

மென்பொருளைப் பயன்படுத்துங்கள், ஆனால் உங்கள் விடையை எழுதிய பிறகு. முதலிலேயே பார்த்துவிட்டால் தேர்வு செய்யும் பயிற்சி போய்விடும். பார்த்த விடை புரிந்துவிட்டது போன்ற உணர்வு மட்டுமே மிஞ்சும். மென்பொருள் தரும் விடை விரியும் தொகைக்குரியதா, மாறிலியால் வேறுபடுவதா, உங்கள் இடைவெளியில் பொருந்துவதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு எப்படியும் உங்களுடையதே.

ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம் படிக்க வேண்டும்?

நேரத்தைவிட இடைவெளி முக்கியம். வார இறுதியில் ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் உட்காருவதைவிட, நாள்தோறும் ஒரு மணி நேரம் உட்காருவது மேல். அந்த ஒரு மணி நேரத்தில் இன்றைய பாடத்துக்கு நாற்பது நிமிடங்களும், பழைய பகுதிகளிலிருந்து கலந்தெடுத்த கணக்குகளுக்கு இருபது நிமிடங்களும் ஒதுக்குங்கள். தீர்த்த கணக்கைப் படித்துப் புரிந்துகொள்வதைப் படிப்பாக எண்ண வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் அதையே மீண்டும் போட முடிந்தால்தான் கணக்கு உங்களுடையது. ஒரு கணக்கில் பதினைந்து நிமிடம் முட்டி நின்றால், எந்த வரியில் நின்றீர்கள் என்று குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் போங்கள். "எனக்கு எதுவும் புரியவில்லை" என்று வருபவருக்கு உதவுவது கடினம், "இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?" என்று கேட்பவருக்கு இரண்டு நிமிடங்களில் உதவிவிடலாம்.

பாதிப் பருவம் முடிந்துவிட்டது, மிகவும் பின்தங்கிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?

விட்டுப்போன முதல் பாடத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வர முயலாதீர்கள். வகுப்பு இன்னும் முன்னே போய்விடும். இப்போது வகுப்பில் நடக்கும் பகுதியோடு சேர்ந்துகொள்ளுங்கள். நல்வாய்ப்பாக, தொடர்ப் பகுதியின் பெரும்பங்குக்குத் தொகையிடல் முறைகள் தேவைப்படுவதில்லை. எல்லைகளும், முறையற்ற தொகையைப் பற்றிய அடிப்படை அறிவும் போதும். எனவே தொடர்கள் தொடங்கும் வாரம், பின்தங்கியவர்கள் மற்றவர்களோடு ஒரே கோட்டில் நிற்கும் வாரம். அதை நழுவ விடாதீர்கள். பழைய பகுதிக்கு நாள்தோறும் அரை மணி நேரம் தனியே ஒதுக்கி, முதலில் பிரதியிடல், பிறகு பகுதித் தொகையிடல், அதன்பின் பகுதிப் பின்னங்கள் என்ற வரிசையில் போங்கள். முக்கோணவியல் பிரதியிடலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதல் நாள், மேலே எழுதியிருக்கும் ஐந்து கணக்குகளை ஒரு தாளில் எழுதி, விடையைப் பார்க்காமல், ஒவ்வொன்றின் எதிரேயும் முறையின் பெயரை மட்டும் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.